டயருக்குப் பின்னால்

எங்கள் தெருவில் முப்பது மீட்டர் வளையாமல் நேராகக் கிடக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மாரியம்மன் கோயில் வாசலில் தொடங்கி தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகும். ஊர் முழுக்க சிமெண்டு போட்டபோதுகூட அந்தத் துண்டை மட்டும் மண்ணாகவே விட்டுவிட்டார்கள். அது செடல் இழுக்கிற பாதை. ஆடி மூன்றாம் வெள்ளியில் வேண்டுதல் உள்ளவர்கள் மஞ்சள் உடுத்தி, முதுகுச் சதையில் கொக்கி குத்திக் கயிறு கட்டி, டிராக்டரையோ கல் உருளையையோ இழுத்துக்கொண்டு வருவார்கள். பெண்கள் வாசலுக்கு வாசல் நின்று அவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிள்ளைப் பக்கத்தில் இதெல்லாம் யாரும் வாய் பிளந்து பார்க்கிற விஷயம் இல்லை.

அப்படிப்பட்ட பாதையில், ஆடி முதல் வெள்ளிக்கிழமை சாயந்திரம், தலைக்குக் குளித்த ஈரத்தோடு ஒருத்தி மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு வந்து, தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி, பின்னால் கயிறு கட்டி ஒரு லாரி டயரை இழுத்தால் ஊர் என்ன நினைக்கும்? எழிலனுக்கு இது தோன்றவே இல்லை. அதிகம் படித்துவிட்டால் இப்படித்தான், கண்ணெதிரே இருப்பது தெரியாது.

எழிலன் எனக்கு மச்சான். என் மனைவி அஞ்சலைக்குச் சித்தி மகன். எதிர்வீடு. சிதம்பரத்தில் ஒரு ஜிம்மில் வேலை பார்த்துக்கொண்டே, விளையாட்டுக்காரர்களின் உடம்பைத் தயார் செய்கிற படிப்பு ஒன்றை ஆன்லைனில் முடித்து, சான்றிதழை பிரேம் போட்டு பிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருந்தான். அவனிடம் பயிற்சிக்கு வந்த முதல் ஆள் அவன் பெண்டாட்டிதான். கனிமொழி கல்லூரி ஹாக்கி அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு நான்கு வருடம் மட்டையைத் தொடவில்லை. காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் மூன்று வரை இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் நின்று தோல் உரிப்பாள். அந்த வருடம் ஓர் அரசுத் துறையின் பெண்கள் ஹாக்கி அணிக்கு நான்கு பேர் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. வேலையும் கிடைக்கும், ஆடவும் ஆடலாம். வயது இருபத்தெட்டுக்குள் இருக்க வேண்டும். அவளுக்குப் புரட்டாசியில் இருபத்தெட்டு முடிகிறது, தேர்வு ஆவணிக் கடைசியில். இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பே கிடையாது.

தேர்வில் முதலில் யோ-யோ என்று ஓர் ஓட்டம் வைப்பார்களாம். இருபது மீட்டர் போய், இருபது மீட்டர் திரும்ப வேண்டும். பத்து நொடி மூச்சு வாங்கலாம். பிறகு மறுபடியும். ஸ்பீக்கரிலிருந்து 'பீப்' என்று சத்தம் வரும், அதற்குள் கோட்டைத் தொட வேண்டும். போகப் போகச் சத்தம் நெருங்கிக்கொண்டே வரும். பதினாறாம் நிலையைத் தாண்டினால்தான் மட்டையைக் கையில் கொடுப்பார்கள். அதற்காகத்தான் அந்த டயர், அந்தக் கயிறு, அந்த மஞ்சள் பனியன். பனியன் கல்லூரி அணியின் நிறம், பாவம்.

நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். இறால் தீவனம், ஐஸ் பெட்டி, கல்யாணத்துக்குப் பாத்திரம் எல்லாம் ஏற்றுவேன். அன்றைக்கு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் நேரில் பார்த்தேன். டயர் நகரத் தொடங்கியதும் எழிலனின் அம்மா தங்கம்மாள் வாசலுக்கு வந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா! எம் மருமவ எங்கிட்டகூட சொல்லாம வேண்டிக்கிட்டாளே!"

உள்ளே ஓடி ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைப் போட்டுக்கொண்டு வந்து, மூச்சு இரைக்க நின்ற கனிமொழியின் காலில், ஷூவோடு சேர்த்து ஊற்றினாள்.

"எம்மா! என்னா பண்ற நீ? மண்ணு ஈரமாச்சின்னா டைமு தப்பாயிடும்."

"சும்மா இருடா. கொழந்த வரத்துக்குத்தான வேண்டியிருக்கா?"

"கொழந்தையும் இல்ல ஒண்ணும் இல்ல. இது தொடைக்கி. தொடையில பவர் வர்றதுக்கு."

"தொடைக்கின்னா சாமி வேணாமா?"

கனிமொழி குனிந்து முழங்காலைப் பிடித்தபடியே சிரித்தாள். "வுடு மாமா. சில்லுனு நல்லாத்தான் இருக்கு."

முப்பது மீட்டருக்குப் பதினாலு நொடி என்று எழிலன் நோட்டில் எழுதினான்.

மறுநாள் இரண்டு குடம். அதற்கடுத்த நாள் ஐந்து. ஆடி மாதம் எங்கள் பெண்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கால் கிடைத்தால் போதும், காரணம் கேட்கமாட்டார்கள். எழிலன் கோயிலில் மைக் பிடித்துச் சொல்லாத குறை. இது ஹாக்கி, இது பயிற்சி, இது அறிவியல் என்று வீடு வீடாகச் சொன்னான். எல்லோரும் தலையாட்டிவிட்டு நாலரை மணிக்குக் குடத்தோடு நின்றார்கள். கனிமொழி மூன்றரைக்குக் கம்பெனியிலிருந்து வருவாள். கையெல்லாம் இறால் நாற்றம், விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு பிடி, இரண்டு முட்டை, ஒரு சொம்பு கேப்பங்கூழ். அரைமணி நேரம் படுத்து எழுந்து பட்டையை மாட்டிக்கொள்வாள். ஆடி மூன்றாம் வாரத்தில் பதினாலு நொடி பன்னிரண்டாகியிருந்தது. அதில் ஒன்றும் விசேஷம் இல்லை, இரண்டு வாரம் உழைத்தால் யாருக்கும் ஆகும்.

மூன்றாம் வெள்ளி செடல் நடந்தது. அன்று கனிமொழிக்கு ஓய்வு. மறுநாள் சனிக்கிழமை சாயந்திரம் இழுத்தபோது ஒன்பது நொடி வந்தது.

எழிலன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான். மறுபடி இழுக்கச் சொன்னான். ஒன்பது. டயர் தேய்ந்து எடை குறைந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, அதை என் வண்டியில் ஏற்றி ஐஸ் கம்பெனித் தராசுக்குக் கொண்டுபோகச் சொன்னான். நாற்பத்தாறு கிலோ. வாங்கிய அன்றும் அதேதான். பத்து கிலோ மணல் மூட்டை இரண்டை டயரின் நடுவில் வைத்துக் கட்டினான். இப்போது எட்டரை நொடி.

"எடை ஏத்துனா நேரம் ஜாஸ்தியாவணும் மச்சான். கொறையுது."

"நல்லதுதானடா. வாத்தியாரு நல்ல வாத்தியாரு."

"நல்லதில்ல," என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் கணக்கு பொய்த்துப்போனால் படித்தவனுக்கு வருகிற பயம் அது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்தச் சிரிப்பு இரண்டு வாரம்தான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிள்ளையில் பெரிய கல்யாணம். தெருவே பூட்டிக் கிடந்தது. தங்கம்மாளும் போயிருந்தாள். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இறக்கிவிட்டு வந்த நானும், எழிலனும் கனிமொழியும்தான் பாக்கி. ஒருநாளாவது தண்ணீர் இல்லாமல் சரியான கணக்கு எடுக்கலாம் என்று எழிலன் தென்னந்துடைப்பத்தால் அந்த முப்பது மீட்டரையும் பெருக்கி வைத்திருந்தான். வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. கழிமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. ஒரு நாய்கூட இல்லை.

அவள் புறப்பட்டாள். நான் வண்டியின் பக்கக் கதவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு வித்தியாசமாகப் பட்டது சத்தம்தான். டயர் மண்ணில் தேய்கிற 'சர்ர்' என்ற சத்தம் வரவில்லை. பிறகு கயிற்றைப் பார்த்தேன். பாரம் இழுக்கிறவளுக்கும் பாரத்துக்கும் நடுவில் கயிறு விறைத்து நிற்க வேண்டும். அது தொய்ந்து, நடுவில் மண்ணைத் தொட்டுக்கொண்டு போனது. அவள் முன்னால் ஓடுகிறாள், அறுபத்தாறு கிலோ பின்னால் தானாக வருகிறது. தண்ணீர்த் தொட்டியைத் தொட்டு அவள் நின்ற பிறகும் டயர் இரண்டடி வந்து அவள் குதிகாலில் மெதுவாக முட்டி நின்றது.

எழிலன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இங்க வாங்க. மிதிக்காம ஓரமா வாங்க."

டயர் இழுத்துப் போன இடம் வழித்து மெழுகியதுபோல இருந்தது. கனிமொழியின் ஷூத் தடம் எல்லாம் டயருக்கு அடியில் அழிந்திருந்தது. அப்படி அழிந்த மண்ணின் மேலே புதிதாகத் தடங்கள் இருந்தன. வெறுங்கால் தடங்கள். ஒரு ஜோடி இல்லை, பல. விரல்களும் முன்பாதமும் ஆழமாகப் பதிந்திருந்தன. குதிகால் ஒன்றுகூட இல்லை.

"நடந்தா குதிகாலு பதியும்," என்றான் எழிலன். "ஓடினாகூட இவ்ளோ ஆழம் போவாது. குனிஞ்சி, ரெண்டு கையும் ஊனி ஒரு பாரத்த தள்ளுனாதான் இப்படி விழும். இத நான் படிச்சிருக்கேன் மச்சான். இது தள்றவங்க காலு."

"காலையில யாராச்சும் நடந்திருப்பாங்க."

"நாந்தான பெருக்குனேன். இப்பத்தான பெருக்குனேன்."

நான் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பெரிய கால், சின்னக் கால், விரலடியில் வெடிப்பு ஓடிய கால். பாதி தூரத்தில் ஒரு வலது கால் தடம். கட்டைவிரலின் மேல் இரண்டாம் விரல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தக் காலுக்குப் பத்தொன்பது வருடம் நான் செருப்பு வாங்கியிருக்கிறேன். எந்தக் கடையிலும் ஒரே தடவையில் அளவு சரியாக அமையாது. அஞ்சலை செத்து இரண்டு வருடம் ஆகிறது.

எழிலனும் அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கும் அக்கா கால் தெரியும். நான் என் செருப்புக் காலால் அந்தத் தடத்தை மெதுவாக அழித்தேன். எதற்காக அழித்தேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. அன்றைக்கு மனசு முழுக்க அவள்மேல் ஒரு கோபம்தான் இருந்தது. என்னைப் பார்க்க வரவில்லையே, இங்கே வந்திருக்கிறாளே என்று.

மறுநாள் தங்கம்மாள் நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தடங்களைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். அவள் ஓட்டை உடைப்பதை நிறுத்தவே இல்லை.

"வேண்டிக்கிட்டு செலுத்தாமயே செத்துப் போனவங்க எத்தினி பேரு இருக்காங்க இந்த ஊர்ல. அவுங்களுக்கு அது பாரந்தான. ஒருத்தி தனக்குன்னு வேண்டுதலே இல்லாம இழுக்கறான்னா, இதுல நம்முளதும் ஏறிக்கிட்டு போவட்டும்னு கைய வெப்பாங்க."

"அஞ்சல எதுக்கு வேண்டிக்கிட்டா?"

"உனுக்குத் தெரியாதா? பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில கெடந்தாளே, அப்ப. பொழச்சி வந்தா செடல் போடறேன்னு எங்கிட்டதான் சொன்னா. பொழச்சி வரல, அப்பறம் எப்பிடி செலுத்துவா?" நண்டுக் காலை சட்டியில் போட்டாள். "நீ சாப்புட்டியா? கொழம்பு கொதிச்சதும் குடுத்து வுடறேன்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குள் ஊர் அடுத்த படிக்குப் போய்விட்டது. மேலத்தெரு பெண் ஒருத்தி, காய்ச்சல் விடாத தன் குழந்தையை மணல் மூட்டைக்குப் பதிலாக டயர்மேல் உட்கார வைத்தாள். ஒரு நடை இழுத்தாள் கனிமொழி. மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. கூடவே மூன்று வேளை மாத்திரையும் கொடுத்திருந்தார்கள், அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? இரண்டே வாரத்தில் பிச்சாவரத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் குழந்தைகள் வரத் தொடங்கின. எழிலன் முதலில் கத்தினான். பிறகு, வெட்கமில்லாமல், ஒவ்வொரு குழந்தையின் எடையையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். பன்னிரண்டு கிலோவுக்கு ஆறு நொடி. பதினேழு கிலோவுக்கு ஐந்தரை. கடைசியில் ஒருநாள் எனக்கு நோட்டைக் காட்டினான். டயரும் குழந்தையுமாக ஐந்து நொடி. டயர் இல்லாமல் அவள் வெறுமனே ஓடினால் ஐந்தே கால்.

"இவ்ளோ பாரத்தோட ஓடுறது வெறுமன ஓடுறத விட வேகமா இருக்கு மச்சான். உலகத்துல எங்கியும் இப்பிடி இல்ல."

"அவகிட்ட சொன்னியா?"

"அவளுக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மறுநாள் கம்பெனி வாசலில் ஐஸ் இறக்கும்போது வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கையுறையைக் கழற்றி, சுருங்கிய விரல்களை வெயிலில் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, நான் இழுக்கல. என்னால அடிச்சி சொல்ல முடியும். முன்னாடி போறேன், அவ்ளோதான்."

"பயமா இருக்காம்மா?"

"இழுக்கும்போது பயமே இல்லண்ணே. பின்னாடி நெறைய பேரு இருக்காங்கன்னு நல்லா இருக்கு. மூச்சு வாங்குறது கேக்கும். சின்னப்புள்ள ஒண்ணு இருமும்." கையுறையை உதறி மறுபடி மாட்டிக்கொண்டாள். "டெஸ்டுல டயரு கெடையாதே. நான் மட்டும்தான ஓடணும். அப்ப என்கிட்ட என்னா இருக்குன்னு எனக்கே தெரியலண்ணே. இந்த ரெண்டு மாசத்துல என் காலுக்கு எதாச்சும் வந்திருக்கா, இல்ல எல்லாமே அவுங்களோடதா? அதான் பயம்."

பயப்பட்டது சரியென்றுதான் ஆனது. அந்த வாரம் எழிலன் கோயில் பாதையிலேயே இருபது மீட்டருக்குக் கோடு போட்டு, போனில் சத்தத்தை வைத்து, டயரில்லாமல் ஓடவிட்டான். பதினாலாம் நிலையில் நின்றுவிட்டாள். இரண்டு நாள் விட்டு மறுபடி. பதினாலு. மூன்றாவது தடவையும் பதினாலு. மூச்சு பாக்கி இருந்தது, கால் தளரவில்லை. ஆனாலும் பாதியில் வேகத்தைக் குறைத்து, காதைக் கொடுத்து எதையோ கேட்பவள்போலப் பக்கவாட்டில் தலையைச் சாய்ப்பாள். சத்தம் வந்துவிடும். கோடு இரண்டடி தள்ளி இருக்கும்.

தேர்வுக்கு முந்தின நாள் எழிலன் ஒரு யோசனையோடு வந்தான். பாரமான ஒன்றை இழுத்து முடித்த கையோடு ஓடினால் கால் கொஞ்சநேரத்துக்கு லேசாக இருக்கும், இது புத்தகத்திலேயே இருக்கிறது, அதனால் டயரைத் தேர்வு நடக்கிற சிதம்பரத்துக்குக் கொண்டுபோகலாம் என்றான். புத்தகத்தைச் சொன்னானே தவிர, அவன் நினைத்தது டயரை இல்லை. கூடவே வருகிறவர்களைத்தான். எனக்கும் அது புரிந்தது. சரி என்று தலையாட்டினேன்.

விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் மூன்று பேர், பின்னால் கயிறு சுற்றிய டயர். வழியெல்லாம் நான் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வண்டி கனமாக இருக்கிறதா என்று ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தேன். வெறும் வண்டி மாதிரிதான் போனது.

மைதானத்துக்கு வெளியே மதில் ஓரமாக மணல் இருந்தது. டயரை இறக்கினோம். ஐம்பது அறுபது பெண்கள் கலர் கலராகப் பனியன் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். கனிமொழி பட்டையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கயிறு விறைத்தது. டயர் 'சர்ர்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது மீட்டரையும் இழுத்தாள். பதினோரு நொடி.

நின்று திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும் வரல மாமா."

எழிலன் பட்டையைக் கழற்ற உதவினான். என்னிடம் மெதுவாக, "போச்சு மச்சான்" என்றான். எனக்கும் நாமே கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது. டயரை இங்கே இழுத்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால், கூட யாரும் வரவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமலாவது ஓடியிருப்பாள்.

ஓட்டத்தைக் கணக்கெடுக்க வந்திருந்தவள் பிரிசில்லா. கல்லூரியில் கனிமொழியோடு ஆடியவள், இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளாமல், பேர் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள். பத்துப் பத்துப் பேராக ஓடவிட்டார்கள். கனிமொழியின் பத்தில் எல்லோரும் சின்னப் பெண்கள், பத்தொன்பது இருபது வயது.

பன்னிரண்டில் நான்கு பேர் நின்றார்கள். பதிமூன்றில் மூன்று பேர். பதினாலு வந்தபோது எழிலன் என் தோளைப் பிடித்துக்கொண்டான், நகம் இறங்கியது. கனிமொழி கோட்டைத் தொட்டாள், திரும்பினாள். தலையைச் சாய்க்கவில்லை. எதையும் கேட்கவில்லை. பதினைந்து. உதடு வெளுத்து, வாய் திறந்து, ஒவ்வொரு அடியும் தரையில் அறைகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பதினாறில் அவளும் இன்னொரு பெண்ணும்தான். அந்தப் பெண் நின்றுவிட்டாள். கனிமொழி மட்டும் அந்தப் பெரிய மைதானத்தில் போனாள், வந்தாள். சத்தத்துக்கும் அவள் காலுக்கும் ஒரு விரல்கடை இடைவெளி. பதினாறை முடித்துப் பதினேழின் முதல் நடையையும் தொட்டுவிட்டுக் குப்புற விழுந்தாள்.

"எந்திரி கனி," என்றாள் பிரிசில்லா. அவள் கண் கலங்கியிருந்தது. "எந்திரிச்சி நட. ஸ்டிக் எடுத்துட்டு வா."

மத்தியானம் ஒட்டிய காகிதத்தில் மூன்றாவதாக அவள் பெயர் இருந்தது. எழிலன் அழுதான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது. மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிட்டோம். அவள் மட்டும் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

"ஊர்ல ஓடும்போதெல்லாம் பின்னாடி மூச்சு வாங்கும் மாமா," என்றாள் திடீரென்று. "பதினாலுக்கு மேல அவுங்களால முடியாது. விட்டுட்டு ஓட எனக்கு மனசு வரல. அதான் நின்னு நின்னு போனேன். இன்னிக்கி நின்னு பாக்க யாரும் இல்ல. ஓடிட்டேன்."

"நல்லதுதான கனி. எல்லாம் உன்னோட ஓட்டந்தான்."

"ஆமா," என்றாள். "என்னோடது. அவ்ளோ பெரிய கிரவுண்டுல ஒருத்தரும் இல்ல. எனக்கு அந்த மாதிரி பயம் எப்பியும் வந்ததில்ல."

ஊருக்குள் வண்டி நுழையும்போது மூன்றரை மணி. அதற்குள் போனில் செய்தி வந்துவிட்டிருந்தது. தங்கம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அவர்களோடு எனக்குத் தெரியாத ஒருத்தி, ஐந்து வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். குழந்தையின் கால் இரண்டும் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இவ பேரு செல்லாயி. திட்டக்குடியிலேருந்து வந்திருக்கா," என்றாள் தங்கம்மாள். "மூணு பஸ்ஸு மாறி வந்திருக்கா. காலையிலேருந்து ஒக்காந்திருக்கா, பச்சத் தண்ணி குடிக்கல."

எழிலன் முன்னால் போய் நின்றான். "அக்கா, இனிமே இதெல்லாம் கெடையாது. வேல கெடச்சிடுச்சி, முகாமுக்குப் போயிடுவாங்க. கொழந்தைய பெரிய ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போங்க. நானே வேணா கூட வரேன்."

"போவாத ஆஸ்பத்திரி இல்லப்பா," என்றாள் செல்லாயி. "ஒரு நட. ஒரே ஒரு நட இழுத்தா போதும்."

கனிமொழி வண்டியிலிருந்து இறங்கினாள். முட்டி மடங்காமல் விறைத்து, கிழவிபோல நடந்து செல்லாயியின் முன்னால் போய் நின்றாள்.

"நான் விட்டுட்டு ஓடிட்டேன், அவுங்க போயிட்டாங்கக்கா. இப்ப நான் மட்டும்தான் இருக்கேன். நான் சும்மா ஹாக்கி ஆடறவ. என்னால ஒண்ணும் ஆவாது."

"நீ இழு தாயி. ஆவுறதும் ஆவாததும் நீ பாத்துக்க வேணாம்."

கனிமொழி அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டயர எறக்குங்கண்ணே" என்றாள். எழிலன் அவள் கையைப் பிடித்தான். "காலு கிழிஞ்சிடும் கனி. இன்னிக்கி ஓடுன ஓட்டத்துக்கு ஒரு வாரம் படுக்கணும். நாள மறுநாள் மெடிக்கல் இருக்கு. தசை போச்சின்னா எல்லாம் போச்சி." அவன் சொன்னது நிஜம்தான், அவளுக்கும் தெரியும். கையை விடுவித்துக்கொண்டு பட்டையை மாட்டினாள்.

குழந்தையை டயர்மேல் உட்காரவைத்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். அவள் குனிந்தாள். கயிறு விறைத்தது. டயர் அசையவில்லை. மறுபடி குனிந்தாள், முழங்கால் நடுங்கியது. டயர் ஒரு சாண் நகர்ந்தது. பெண்களின் முணுமுணுப்பு ஒவ்வொன்றாக நின்றது. ஒரு மாதமாக டயர் பறந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். இப்போது வெறும் மனுஷி ஒருத்தி வெறும் பாரத்தை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஈர மண் டயருக்கு முன்னால் குவிந்துகொண்டே வந்தது. ஐந்தாவது மீட்டரில் அவள் ஒரு முழங்கால் தரையில் ஊன்றிவிட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் டயரில் கையை வைத்தேன். அஞ்சலை வைத்த இடம் அதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் வைத்தேன். டயர் சில்லென்று இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"கைய எடுங்கண்ணே," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "யாரும் தள்ள வேணாம்."

எடுத்தேன். அவள் எழுந்தாள். அடுத்த அடி வைத்தாள். இன்னும் இருபத்தைந்து மீட்டர் இருந்தது. தொடை துடிப்பது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. மூச்சு அறுபட்டு அறுபட்டு வந்தது. டயர்மேல் இருந்த குழந்தை கொஞ்சநேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"அக்கா, நான் எறங்கிக்கட்டுமா?"

"வேணாம்டி. ஒக்காரு," என்றாள் கனிமொழி. "கயித்த நல்லா புடிச்சிக்க."